முப்பத்திரண்டு வயது ராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம்

வெள்ளைக்காரர்கள் கப்பலேறி மிளகு வாங்க வந்துகொண்டிருந்த காலத்தில், செவ்வல்மேடு சீமையை உத்தண்டராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். வயது முப்பத்திரண்டு. நல்ல மனுஷர்தான். புகழ்ச்சி என்றால் மட்டும் காது நீண்டுவிடும்.

அவருக்குக் குடை பிடிக்கிறவர் கூத்தன். வயது அறுபது. ராஜா பல்லக்கில் போனால் இவர் பக்கத்திலேயே குடையோடு ஓடுவார். ஒரு நாளும் ராஜா முகத்தில் வெயில் பட்டதில்லை.

அந்த இடத்தில் தன் மைத்துனனை வைக்க ஆசைப்பட்டார் துபாஷி கோதண்டம். வெள்ளைக்காரர் பேச்சை ராஜாவுக்குத் தமிழில் சொல்வது அவர் வேலை. "கிழவன் என்றைக்குத் தடுக்கித் தங்கள் மேல் விழுவானோ" என்று ஓதி ஓதி, வெள்ளிக்கிழமையோடு கூத்தனை நிறுத்த உத்தரவு வாங்கிவிட்டார். கூத்தன் வீட்டில் அடுப்பு எரிந்ததே அரண்மனை அரிசியில்தான். பாவம், அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

அந்தச் செவ்வாய்க்கிழமை, போன மாதம் ராஜாவின் விருந்தாளியாக வந்துபோன ஒரு கப்பல் கப்பித்தானிடமிருந்து கடிதமும் சால்வையும் வந்தன. கோதண்டம் படித்தார்: "என்னோடு மலைக்கோவில் படியேறிய அந்த ஸ்ப்ரைட்லி மனிதருக்கு என் அன்புப் பரிசு."

"அதென்ன ஸ்ப்ரைட்லி?" என்றார் ராஜா.

"துள்ளும் சுறுசுறுப்பு, மகாராஜா. தங்களைத்தான் சொல்கிறான்."

ராஜா மலையேறியது எட்டுப் பேர் தோளில். அதெல்லாம் அவர் நினைவுக்கு வரவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, "இதையும் என் பட்டங்களோடு சேருங்கள்" என்றார். மறுநாள் முதல் கட்டியக்காரன், "ஸ்ப்ரைட்லி உத்தண்டராயர் பராக்" என்று நாக்குச் சுளுக்கக் கூவினான்.

மந்திரி பூவணநாதர் இளவயதில் துறைமுகத்தில் இருந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். கூத்தன் சங்கதியும் அவருக்குத் தெரியும். நேரே சொன்னால் ராஜாவுக்குக் கோபம் வரும். அதனால் ஒன்றும் பேசாமல் அரண்மனை வாசலில் பந்தல் போடச் சொன்னார். வாழைமரம் வந்தது, அறுபது கலசம் வந்தது, மேளக்காரரும் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ராணி ராஜாவிடம் கேட்டாள்: "நமக்கு அறுபதாம் கல்யாணமாமே. எனக்கு இருபத்தேழுதானே ஆகிறது?"

ராஜா சபைக்கு ஓடிவந்தார். "மந்திரி, யாருக்கய்யா அறுபது?"

"தங்களுக்குத்தான். பட்டம் சூட்டிக்கொண்டு கல்யாணத்தை மட்டும் விட்டால் ஊர் பழிக்காதா?"

"பட்டத்துக்கும் அறுபதுக்கும் என்ன சம்பந்தம்?"

"துபாஷி சொன்ன அர்த்தம் சரிதான், மகாராஜா. ஆனால் வெள்ளைக்காரர் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் வயதானவர்களுக்கே வைத்திருக்கிறார்கள். 'இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு' என்கிறோமே, அதுதான் அது. தங்களைப் பார்த்து யாராவது 'இந்த வயதிலும்' என்பார்களா?"

ராஜா கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் தரையைப் பார்த்தார்.

"அப்படியானால் கப்பித்தானோடு மலையேறிய வயதானவர் யார்?"

சபையே கதவுப் பக்கம் திரும்பியது. குடையோடு முந்நூறு படி ஓடி ஏறிய கூத்தன், விடைபெற்றுப் போகக் கதவோரம் காத்து நின்றார்.

ராஜா தன் தோளிலிருந்த சால்வையைக் குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்த ராஜா. அதனால்தான் அவர் கதையைச் சொல்ல எனக்கும் மனம் வருகிறது. சால்வையைக் கழற்றிக் கூத்தன் தோளில் போர்த்தினார். "இது உன்னுடையது, கூத்தா. தெரியாமல் மூன்று நாள் போர்த்திக்கொண்டேன். உனக்கு முடிகிற வரைக்கும் குடை உன் கையில்தான். போய் உன் மனைவியை அழைத்து வா, பந்தல் வீணாக வேண்டாம்."

கூத்தனுக்கும் வேலம்மைக்கும் அந்தப் பந்தலிலேயே அறுபதாம் கல்யாணம் நடந்தது. தம்பதி நான்கு வீதியும் நடந்தே ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குக் குடை பிடிக்கக் கோதண்டத்துக்கு உத்தரவு. இரண்டாம் வீதி முடிவதற்குள் அவருக்கு மூச்சிரைத்தது, குடை சாய்ந்தது.

கூத்தன் திரும்பிப் பார்த்தார். "குடுங்க சாமி, பழக்கமில்லாத கைக்கு வலிக்கும்" என்று குடையை வாங்கி, ஒரு பக்கம் வேலம்மைக்கும் மறுபக்கம் கோதண்டத்துக்கும் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டார். மீதி இரண்டு வீதியும் கோதண்டம் அந்த நிழலில்தான் தலைகுனிந்து நடந்தார்.