கீழைக் கிணற்றின் மேல் வந்த வழக்கு

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் தலைநகரில் விஷக்காய்ச்சல் புகுந்தது. நாள் தவறாமல் பாடை போயிற்று. அரசனுக்கு ஆத்திரம் பொங்கியது.

“காய்ச்சலுக்குக் காரணமானதைப் பொழுது சாய்வதற்குள் ஒழித்துக்கட்டுங்கள்!”

தளவாய் சூரப்பன் முந்திக்கொண்டான். “மகாராஜா, காய்ச்சல் கண்ட நாற்பது வீடுகளில் முப்பத்தொன்று கீழைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவை. கிணற்றைத் தூர்த்தால் தீர்ந்தது. விகடகவி மருதவாணர் மறுப்பார். மகளை அந்தக் கிணற்றுத் தெருவில்தானே கட்டிக்கொடுத்திருக்கிறார்!”

அவை நகைத்தது. மண் வண்டிகள் புறப்பட்டன.

அவையில் இருந்த மருதவாணர் வண்டிகளைப் பார்த்தார். சித்திரை வெயிலில் கிணறும் போனால், காய்ச்சலில் கிடக்கும் பேத்திக்கு நாக்கு நனைக்கவும் நீர் இராது. ஆனால் மகளுக்காக வாதாடினான் என்ற பேச்சைத் தம் குடும்பத்தின் மேல் ஏற்ற அவர் மனம் ஒப்பவில்லை.

“நான் பேசவில்லை, மகாராஜா. தங்கள் கையே பேசட்டும்” என்றார்.

அவர் கேட்டபடி ஒரு பானை வந்தது. “ஊரில் நானூறு வீடு. கீழைக் கிணற்றுக்கு முந்நூறு. அதற்கு முந்நூறு கறுப்பு உளுந்து. மேலைக் கிணற்றுக்கு நூறு; அதற்கு நூறு பச்சைப்பயறு. கண்ணை மூடி நாற்பது எடுங்கள்.”

எடுத்தான். உளுந்து இருபத்தொன்பது. திரும்பப் போட்டுக் கலக்கி எடுத்தான். முப்பத்திரண்டு. மறுபடியும் எடுத்தான். முப்பத்தொன்று.

மருதவாணர் கைகட்டி நின்றார். “தளவாய் கணக்குப்படி, தங்கள் கைக்கு உளுந்தின் மேல் தீராப் பகை. கையை என்ன செய்யலாம்?”

“மூடனே! பானையில் உளுந்துதான் அதிகம். கையிலும் அதுதானே அதிகம் வரும்?”

“ஊரிலும் அப்படித்தான், மகாராஜா. நாலில் மூன்று பங்கு வீடு கீழைக் கிணற்றில் குடிக்கிறது. நோயும் ஏறக்குறைய அதே பங்குதான். நாற்பதில் முப்பத்தெட்டு கீழைக் கிணற்று வீடாக இருந்திருந்தால் நானே மண் சுமப்பேன்.”

அரசன் தன் கையைப் பார்த்தான், சூரப்பனைப் பார்த்தான், தொடையில் தட்டிச் சிரித்தான். வண்டிகளைத் திருப்பச் சொல்லி, முத்துமாலையைக் கழற்றி மருதவாணர் கழுத்தில் போட்டான்.

மாலையோடு அவர் மகள் வீட்டுக்கு நடந்தார். பொன்னரசி குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“கிணறு தப்பிச்சுதாப்பா?”

“தப்பிச்சுதும்மா.”

“அப்ப இவளுக்கு எதனால வந்துச்சு? எப்பப் போகும்?”

பொய் ஆறுதல் சொன்னவர் அவர் வம்சத்தில் எவரும் இல்லை.

“தெரியலம்மா” என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.