மூடிய கையும் மயிலைக் காளையும்

"அந்தப் பய என் கையைக் கட்டிப் போட்டுட்டு ஓடிட்டான், சாமி."

மாட்டுத்தரகர் மொக்கையன் வலது முஷ்டியைத் தூக்கிக் காட்டினார். குரு அறவாழி அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் சந்தை இல்லாத நாளெல்லாம் மடத்துக்கு வந்து, சீடனாக அவர் எதிரே உட்கார்ந்துவிடுவார் மொக்கையன்.

திருவிழாவுக்கு மனோவசியக்காரன் ஒருவன் வந்திருந்தான். முரட்டு ஆள் ஒருவனை எல்லோர் முன்னாலும் பலகைபோல விறைக்க வைத்தான். அடுத்து மொக்கையனை மேடையேற்றிக் கண்ணையும் வலது கையையும் இறுக மூடச் சொன்னான். இந்தக் கை பூட்டிக்கொண்டது, முடிந்தால் திறந்து பார் என்றான். திறக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

எலும்பிலும் நரம்பிலும் பழுதே இல்லை என்றுவிட்டார் வைத்தியர். விடிந்தால் சந்தை. துண்டுக்கு அடியில் எத்தனை விரலைப் பிடிக்கிறோம் என்பதை வைத்தே விலை பேசுகிற தொழிலில், விரலே நீளாத தரகனை எவன் சீந்துவான்?

"என்ன மந்திரம் சாமி போட்டான்?"

"திறக்கப் பாத்தீங்களாண்ணே?"

"உயிரைக் குடுத்துப் பாத்தேன். நகம் உள்ளங்கையில இறங்கிடுச்சு."

"அவ்வளவு பலமாவா?"

"அவ்வளவு பலமா."

குரு அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டு, மொக்கையன் வீட்டுச் சாம்பல் நிற மயிலைக் காளையை விசாரித்தார். மடத்து வண்டிக்கு வேண்டுமாம். காளை என்றதும் மொக்கையனுக்கு வாய் ஓயவில்லை. பல், சுழி, திமில் என்று அடுக்கிக்கொண்டே போனார். குரு தோள்துண்டை அவர் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே நுழைத்தார். மடத்துக்குப் பசு வாங்கியபோது மொக்கையனே சொல்லிக்கொடுத்த பேரம் அது.

குரு முஷ்டியின்மேல் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார்.

மொக்கையனுக்குச் சுர்ரென்று ஏறியது. மயிலைக்கு இந்த விலையா? கசாப்புக்காரன்கூட இப்படிக் கேட்கமாட்டானே. சாமியாக இருந்தாலும் ஒரு நியாயம் வேண்டாமா என்று முறைத்தபடி, குருவின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து நெரித்தார். குரு இரண்டுக்கு ஏறினார். மொக்கையன் போனால் போகிறதென்று ஒரு விரலை விட்டுக்கொடுத்தார். பேரம் சூடு பிடித்தது. இருவருக்கும் குஷிதான்.

குரு துண்டை உருவினார்.

நீண்டு கிடந்த தன் விரல்களை மொக்கையன் வெறித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, அவை ஒவ்வொன்றாக மடங்கின.

"பாத்தீங்களா சாமி? மறுபடி மூடிட்டான்."

"அவன் ஊரைவிட்டுப் போயி நாளாச்சுண்ணே." குரு சிரித்தார். "இப்ப மூடினது யாரோ, அவர்கிட்ட கறாராச் சொல்லிடுங்க. நாளைக்குச் சந்தை. விடியறதுக்குள்ள திறந்தாகணும்."