அறுபத்தேழாவது உருண்டை

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனை இருந்தது. அந்தச் சுனையின் கரையில் ஒரே ஒரு சிலை இருந்தது. பெருங்கொம்பன் என்ற யானையின் சிலை அது. பிள்ளைகளே, கல்லில் செதுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் களிமண்.

களிமண் சிலை மழைக்கு நிற்குமா? நிற்காது. ஆகையால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று குடும்பத்துக்கு ஓர் உருண்டை ஈரமண் கொண்டுவந்து சிலையின்மேல் அப்ப வேண்டும். காது தேய்ந்திருந்தால் காதில், கால் கரைந்திருந்தால் காலில். இதற்கு மண்சாத்து என்று பெயர். மண் சாத்திய குடும்பம் அந்த ஆண்டு முழுவதும் சுனையில் தண்ணீர் குடிக்கலாம். குடிக்கும் முன் சிலையின் காலடியில் ஒருமுறை தலையைத் தாழ்த்த வேண்டும்.

காட்டில் மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்கள். யார் சாத்தினார், யார் சாத்தவில்லை என்று எண்ணுவது கல்லோடர் என்ற கிழட்டு ஆமையின் வேலை. அவருக்கு வயது அதிகம், பேச்சு குறைவு. நாலு பேர் ஒன்றாகப் பார்த்தால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார். ஆனால் எண்ணிக்கையில் பிசகமாட்டார். உருண்டைக்கு ஒரு கோடாகத் தரையில் நகத்தால் கீறிக்கொண்டே வருவார். ஒரு கோடு கூடாது, ஒரு கோடு குறையாது.

அவருக்கு ஒரு மரியாதையும் இருந்தது. தினமும் விடிந்ததும் சுனையில் முதல் மடக்கு கல்லோடருக்குத்தான். அவர் குடித்து முடிக்கும்வரை யானைகூட ஒதுங்கி நிற்கும். "பெருங்கொம்பன் கொடுத்த உரிமை" என்று எல்லாருக்கும் தெரியும். எதற்காகக் கொடுத்தான் என்று யாருக்கும் தெரியாது. கல்லோடரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு மண்சாத்து நாள் வந்தது.

மண்கிளறி என்ற காட்டுப்பன்றி வழக்கம்போல் சுனைக்குக் கிழக்கே இருந்த மேட்டைத் தோண்டி மண் எடுத்துக் கொடுத்தான். அந்த மேட்டு மண்தான் பிசுபிசுப்பு. சிலையில் நன்றாக ஒட்டும். ஆண்டுதோறும் எடுத்து எடுத்து மேடு பாதியாகிவிட்டது.

யானைகள் சாத்தின. மான்கள் சாத்தின. குரங்குகள் சாத்தியதைவிடத் தங்கள் முகத்தில் பூசிக்கொண்டதுதான் அதிகம். அறுபத்தாறு உருண்டைகள் முடிந்தன. தரையில் அறுபத்தாறு கோடுகள் இருந்தன.

அடுத்தது முயல்கள். அவர்களுடைய தலைவி குறுவாலி முன்னால் வந்தாள். அவள் கையில் மண் இல்லை.

"மண் எங்கே, தாயே?" என்று கேட்டார் கல்லோடர்.

"கொண்டுவரவில்லை, ஐயா. இனிமேலும் கொண்டுவரமாட்டோம். இந்தச் சிலையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் வந்தேன்."

கூட்டம் சலசலத்தது. கல்லோடரின் கழுத்து ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

ஊளையன் என்ற நரி உச்சுக்கொட்டினான். "அடி ஆத்தே. தண்ணீர் கொடுத்த சாமியையே எடுக்கச் சொல்கிறாளே. இன்றைக்குச் சிலையை எடு என்பாள், நாளைக்குச் சுனையைச் சுருட்டி எடுத்துப்போ என்பாள்."

"சுனையை யார் எடுக்கச் சொன்னது? இதன் காலில் விழுந்துவிட்டுக் குடிக்க முடியாது என்கிறேன்."

"தண்ணீர் குடிக்க எல்லாரும்தான் குனிகிறோம். குனிந்த தலையை இன்னும் நாலு விரல் தாழ்த்தினால் காது உதிர்ந்துவிடுமா? உனக்குத்தான் காதுக்குப் பஞ்சமே இல்லையே."

குரங்குகள் சிரித்தன. குறுவாலி சிரிக்கவில்லை.

"நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் காட்டில் பெரிய வறட்சி வந்தது. எங்கள் முன்னோரின் வளைகள் அந்தக் கிழக்கு மேட்டில் இருந்தன. முயல்கள் உள்ளே இருக்கும்போதே பெருங்கொம்பன் மேட்டைச் சரித்தார். தப்பி வந்தவர்கள் சொல்லி, அவர்கள் பிள்ளைகள் சொல்லி, எங்கள் வரைக்கும் வந்த சேதி இது. எங்களை மூடியவருக்கு நாங்களே மண் சாத்துகிறோம். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது."

இப்போது நெடுங்கை முன்னால் வந்தாள். அவள் யானைகளின் தலைவி, பெருங்கொம்பனின் பேத்தி. கோபக்காரி இல்லை. ஆனால் அன்று அவள் காதுகள் விறைத்து நின்றன.

"அந்த வறட்சியில் எங்கள் தாத்தா பதினொரு நாள் தோண்டினார், குறுவாலி. தும்பிக்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவர் தோண்டாவிட்டால் இந்தக் காட்டில் ஒரு வாய் மிஞ்சியிருக்காது. நீயும் பிறந்திருக்கமாட்டாய்."

"அது பொய் என்று நான் சொல்லவில்லை, அக்கா."

"பிறகு?"

"அதுவும் நடந்தது. இதுவும் நடந்தது. சிலை ஒன்றைத்தான் சொல்கிறது."

 மண்கிளறி நடுவில் புகுந்தான். "இதை மண் தோண்டுவதற்கு முன்னாலேயே சொல்லக்கூடாதா? காலையிலிருந்து மூக்கு எரிகிறது எனக்கு."

நெடுங்கை தும்பிக்கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினாள். "கேள்விப்பட்டதை வைத்து ஒருவர் பெயரைக் கெடுக்க முடியாது. கண்ணால் கண்ட ஒருவர் சொல்லட்டும். சொன்னால், இந்தச் சிலையை நானே தோளால் தள்ளிவிடுகிறேன். சொல்ல ஆளில்லை என்றால், முயல் குடும்பங்கள் ஒன்றுக்கு இரண்டு உருண்டை சாத்த வேண்டும். இல்லாவிட்டால் வேறு சுனை பார்த்துக்கொள்ள வேண்டும். சம்மதமா?"

வேறு சுனை எங்கே இருக்கிறது? குறுவாலி தன் பின்னால் நின்ற முயல்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சம்மதம்" என்றாள்.

அந்த வறட்சியைக் கண்டவர் யார்? மான்களுக்கு அத்தனை ஆயுசு இல்லை. நெடுங்கைகூட அப்போது பிறக்கவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது.

கல்லோடர் தரையில் இருந்த அறுபத்தாறு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, அன்று நீங்கள் இங்கே இருந்தீர்களா?" என்று கேட்டாள் நெடுங்கை.

"இருந்தேன்."

"முயல்கள் மேட்டைவிட்டு வெளியே வந்ததைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். எண்ணினேன்."

"எத்தனை?"

"மூன்று."

"உள்ளே யாராவது இருந்தார்களா?"

 நூற்றுப்பன்னிரண்டு குடும்பங்களும் அவரைப் பார்த்தன. நாளைக் காலையில் முதல் மடக்கு. யானைகள் ஒதுங்கி நிற்கும் பாதை. எண்ணிக்கையில் பிசகாதவர் என்ற பெயர். எல்லாம் அவர் கண்முன்னால் வந்து நின்றன.

"வளைக்குள்ளே நான் எட்டிப் பார்க்கவில்லை" என்றார்.

அது பொய் இல்லை. அவர் வளைக்குள் எட்டிப் பார்க்கவில்லைதான். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓட்டுக்குள்ளே அவர் உடம்பு கூசியது.

"தீர்ந்தது வழக்கு" என்றான் ஊளையன். "போ தாயே. ஒன்றுக்கு இரண்டு."

முயல்களில் ஒருவன் முணுமுணுத்தான். குறுவாலி அவனை அடக்கினாள். "பேசாதே. கல்லோடர் ஐயா நமக்காகவும் பொய் சொல்லமாட்டார், யானைக்காகவும் பொய் சொல்லமாட்டார். நாம் கேள்விப்பட்டதுதான் தப்பாக இருக்கும்."

அவள் வைதிருந்தால்கூடக் கல்லோடர் தாங்கியிருப்பார். இதை எப்படித் தாங்குவது?

குறுவாலி கிழக்கு மேட்டுக்குப் போனாள். மண்கிளறி அன்று தோண்டிய குழி மற்ற ஆண்டுகளைவிட ஆழமாக இருந்தது. இறங்கி ஓர் உருண்டை திரட்டி மேலே வைத்தாள். இரண்டாவதற்கு மண்ணைப் பறித்தாள். பறித்தவள் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் குழியைவிட்டு அவள் தலை வெளியே வரவில்லை.

பிறகு ஏறி வந்தாள். முதல் உருண்டையை அங்கேயே விட்டுவிட்டாள். இரண்டாவதை மட்டும் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். சிலையிடம் போகவில்லை. நேரே கல்லோடரிடம் வந்து, அறுபத்தாறாவது கோட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து ஒரு தாடை எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. சின்னஞ்சிறியது. முன்னால் நீளமான முயல் பற்கள். பால் குடி மறந்து புல் கடிக்கப் பழகிய பருவம்.

"இது எத்தனையாவது, ஐயா?" என்று கேட்டாள் குறுவாலி.

அறுபத்தேழு என்று சொல்ல வேண்டும். சிலை வைத்த நாளிலிருந்து நாற்பத்தொரு மண்சாத்துகளாக அவர் வாய் தானாகச் சொல்லிப் பழகிய வேலை அது. வாயைத் திறந்தார். எண் வரவில்லை.

கல்லோடர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நாலு கால்களையும் இழுத்துக்கொண்டார். உள்ளே இருட்டு. மூச்சு முட்டியது. வளைக்குள்ளும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தார்.

"தூங்கிவிட்டாரா, பார்" என்றான் ஊளையன். யாரும் சிரிக்கவில்லை.

மெல்ல ஒரு தலை வெளியே வந்தது.

"நான்கு" என்றார் கல்லோடர்.

"கணக்குத் தப்புகிறதே, ஐயா" என்றான் மண்கிளறி.

"தப்பவில்லை. அன்று வெளியே வந்தவை மூன்று. இது நாலாவது. இன்னும் இருபத்திரண்டு வரவேண்டும்."

 கல்லோடர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த நாட்களில் நான் மேட்டடியில்தான் இருந்தேன். பொழுது சாய முயல்கள் வளைக்குப் போவதைத் தினமும் எண்ணுவேன். மொத்தம் இருபத்தாறு. பெருங்கொம்பன் தோண்டித் தண்ணீர் கண்டான். அது உண்மை. ஆனால் ஊறின தண்ணீர் நிற்காமல் மணலில் ஓடிற்று. கரை போட மண் வேண்டும். பக்கத்தில் அந்த மேடுதான் இருந்தது. 'எல்லாரும் வெளியே வாருங்கள்' என்று ஒருமுறை பிளிறினான். மூன்று வந்தன. 'எண்ணினாயா?' என்று என்னிடம் கேட்டான். 'மூன்று வந்தன, இருபத்துமூன்று உள்ளே' என்றேன். 'தண்ணீர் ஓடுகிறது' என்றான். சரித்துவிட்டான்."

"தெரிந்தேவா?" என்று கேட்டாள் நெடுங்கை. அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"தெரிந்தே, அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, 'முதல் மடக்கு உனக்கு, எண்ணிக்கையை உன்னோடு வைத்துக்கொள்' என்றான்."

"நீங்கள்?"

"குடித்தேன்."

குறுவாலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"யாரும் கேட்கவில்லை, தாயே."

"சற்று முன்னால் கேட்டோமே."



நெடுங்கை சிலையிடம் போனாள். தோளை அதன் விலாவில் கொடுத்தாள். அவள் கண்களில் நீர் வழிந்தது. குறுவாலி ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள்.

"தள்ளாதே, அக்கா. விழுந்தால் சுனையில் விழும். தண்ணீர் கெட்டுவிடும். பெருங்கொம்பன் செய்த நல்லது அது ஒன்று. அதையும் எதற்குக் கெடுக்க வேண்டும்?"

"வாக்குக் கொடுத்தேனே."

"மண் சாத்தாமல் விட்டுவிடு. மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்."

அப்படியே முடிவாயிற்று. அன்று அப்பிய அறுபத்தாறு உருண்டைகளையும் அவரவர் வழித்தெடுத்தார்கள். மேட்டில் தோண்டிய குழியில் கொண்டுபோய்ப் போட்டு மூடினார்கள். அந்தத் தாடை எலும்பும் அதற்குள்ளே போயிற்று. ஊளையன்கூட ஓர் உருண்டை சுமந்தான். ஆனால் யாரும் பார்க்காத பக்கமாகச் சுற்றிப் போனான்.

மழை வந்தது. முதல் மழையில் காதுகள் போயின. நாலாவது மழையில் தும்பிக்கை போயிற்று. ஒன்பதாவது மழைக்குப் பிறகு கரையில் சின்னதாக ஒரு மண்குவியல்தான் இருந்தது. சுனை மட்டும் நிறைந்து தளும்பியது.

இதற்கெல்லாம் முன், மண்சாத்து நாளுக்கு மறுநாள் விடிந்ததும் நெடுங்கை வழக்கம்போல் ஒதுங்கி நின்றாள். கல்லோடர் முன்னால் வரவில்லை. வரிசையின் கடைசியில், முயல்களுக்கும் பின்னால், நூற்றுப்பன்னிரண்டாவதாக நின்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவும் இல்லை, முன்னால் கூப்பிடவும் இல்லை.

அவர் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குனிந்து ஒரு மடக்குக் குடித்தார்.

நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் குடித்த முதல் மடக்கைப் போலவே அதுவும் தித்தித்தது. அவரால் இரண்டாவது மடக்குக் குடிக்க முடியவில்லை.

நீதி: கண்டதை மறைத்தவனும், செய்தவனின் சிலைக்கு மண் சுமந்தவனே.