எழும்பாத பட்டன்

குரு என்றால் முதியவர், சீடன் என்றால் பையன் என்று இந்த வகைக் கதைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபத்தொன்று. ஒழுங்கு கெட்டதற்கு இருவரும் பொறுப்பல்ல.

குருவின் பெயர் செபஸ்டினா மொத்தா. தூத்துக்குடியில், கடலுக்கடியில் படமெடுக்கும் கேமராக்களைப் பழுது பார்ப்பவள். கேமரா நனையாமலிருக்க அதைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கு ஹவுசிங் என்று பெயர். பெட்டியின்மேல் உள்ள பட்டனை அமுக்கினால் உள்ளே கேமராவின் பட்டன் அமுங்கும். கடல் விட்டுப்போகும் உப்பு அந்தப் பட்டனின் இடுக்கில்தான் வந்து உட்காரும்.

சீடர் தாணுமாலயன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்பு வந்து, இந்த வேலையைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார்.

"எதுக்கு சார்?"

"சும்மா."

சும்மா யாரும் வேற்றூரில் அறை எடுத்துத் தங்குவதில்லை. செபஸ்டினா மேற்கொண்டு கேட்கவில்லை.

முதல் மாதம் முழுக்க வாளிதான் பாடம். "கடல்ல இருந்து ஏறினதும் நல்ல தண்ணியில முக்கணும். தண்ணிக்குள்ளேயே ஒவ்வொரு பட்டனா அமுக்கி அமுக்கி விடணும். காய விட்டா உப்பு கல்லாயிரும்." தாணுமாலயன் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, அடியில் கோடும் போட்டார். பழக்க தோஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிப்பையிலிருந்து ஒரு ஹவுசிங்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

செபஸ்டினா திருப்பிப் பார்த்தாள். எங்கும் வெள்ளை பூத்திருந்தது. படமெடுக்கும் பட்டன் உள்ளே போய் அப்படியே நின்றிருந்தது. பின்மூடியின் கொக்கி அசையவில்லை.

"எந்த மூதி சார் இது? ஒரு தடவைகூடத் தண்ணி காட்டலையே."

"என் மகள்."

"அப்ப மககிட்ட நல்லாச் சொல்லி வைங்க."

"சொல்ல முடியாது டீச்சர்."

செபஸ்டினா கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பவளப்பாறை ஆராய்ச்சியில இருந்தா. கடல்ல ஒண்ணும் ஆகல. கரையேறி, பையை மாட்டிக்கிட்டு பைக்ல வந்துட்டிருந்தா. லாரி." அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். "கழுவாதவ இல்ல. அறைக்கு வந்ததும் இதை வாளியில ஊறப்போட்டுட்டுத்தான் தலையே துவட்டுவா. அன்னைக்கு அறைக்கு வரல. பையைப் போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரெண்டு வருஷமா அலமாரியில இருக்கு."

"பேரு?"

"பகவதி."

"மன்னிச்சிருங்க சார். நான் வாயடக்கம் இல்லாதவ."

"தெரியாமத்தானே சொன்னீங்க."

அவர் ஹவுசிங்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "உள்ளே கார்டு இருக்கு. அன்னைக்கு எடுத்த படமெல்லாம் அதுலதான். கடைசியா அவ எதைப் பாத்தான்னு எனக்குப் பாக்கணும்."

"கொக்கி உப்புல இறுகியிருக்கு. வெதுவெதுன்னு தண்ணியில ஊறப்போட்டா திறந்துரும்."

"பட்டன்?"

"அதுவும் எழும்பிரும்."

"அது எழும்பக் கூடாது."

செபஸ்டினா நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அவ அமுக்கினது. அவ அமுக்கின அளவுக்கு அப்படியே நிக்குது. அது அசையாம மூடியை மட்டும் திறக்க வழி உண்டா டீச்சர்?"

பைக்குள் வேறு ஏதாவது இடித்தும் அந்தப் பட்டன் உள்ளே போயிருக்கலாம். இது ஓர் இயற்பியல் ஆசிரியருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததையெல்லாம் மனிதர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

"ஈரத்துணியைக் கொக்கியில மட்டும் சுத்தி வச்சா?" என்றார்.

"இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதேன்னு தண்ணிக்கு வகுப்பு எடுக்கப் போறீங்களாக்கும்."

"மூடியை அறுத்தா?"

"அறுத்தா கார்டு பிழைக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

செபஸ்டினா அலமாரியிலிருந்து வேறொரு ஹவுசிங்கை எடுத்தாள். தொடர்ந்து படமெடுக்கும் வகைக் கேமரா அதில் இல்லை என்பதைச் சரிபார்த்துத்தான் எடுத்தாள்.

"இதை அமுக்குங்க. நான் வார வரைக்கும் விடக்கூடாது. ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

தாணுமாலயன் அமுக்கினார். கேமரா ஒரு தடவை மின்னியது. அவள் போய்விட்டாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. விரல் நுனி வெளுத்தது. மற்ற கைக்கு மாற்றியிருக்கலாம். அவர் மாற்றவில்லை.

அவருக்கும் ஒரு டீ வாங்கிக்கொண்டு அவள் வந்தாள். "எத்தனை படம் விழுந்திருக்கு?"

அவர் ஹவுசிங்கின் கண்ணாடி வழியே பார்த்தார். "ஒண்ணு."

"எப்ப விழுந்தது?"

"அமுக்கின உடனே."

"அப்ப இவ்வளவு நேரமா எதை சார் எடுத்துக்கிட்டிருந்தீங்க?"

தாணுமாலயன் டீயைத் தொடவில்லை. டீயில் ஆடை படிந்தது.

பிறகு தாமாகவே எழுந்தார். கெட்டிலில் தண்ணீர் சுட வைத்தார். வாளியில் ஊற்றி விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். அப்படிப் பார்க்க செபஸ்டினா சொல்லிக்கொடுத்ததில்லை. அது பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள் பார்க்கும் விதம்.

"உள்ளே தண்ணி போயிராதே?"

"அத்தனை ஆழம் போய் வந்தது சார். வாளிக்கா பயப்படப் போவுது?"

ஹவுசிங்கை அவர் இரு கைகளாலும் பிடித்து முக்கினார். வெள்ளை, இழை இழையாகப் பிரிந்து கலைந்தது.

"பட்டனை அமுக்கி விடுங்க."

"அமுங்கித்தானே இருக்கு."

"இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போவும். போனாத்தான் உப்பு உடையும்."

"அவ விரல் வச்ச இடத்துல..."

"அங்கதான் சார்."

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் விரலை வைத்தார். செபஸ்டினா அடுத்த மேசைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாருடையதோ ஒரு ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவ ஆரம்பித்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

வாளிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னதுதான். ஆனால் அந்த அறையில் இருந்த இருவருக்கும் அது எதன் சத்தம் என்று தெரியும். ஸ்பிரிங் அவர் விரலை மேலே தள்ளியது. அவர் பட்டனை மறுபடி உள்ளே அமுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எழும்பிருச்சா சார்?" திரும்பாமலே கேட்டாள்.

"இல்ல டீச்சர்."

செபஸ்டினா வளையத்தை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"சரி. தண்ணி ஆறுத வரைக்கும் இருக்கட்டும்."