முறைக்கல்லில் ஏறிய இளவரசி

எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு நாளில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு மலைநாட்டிலிருந்து வந்த ஒரு ராணி. இருவருக்கும் கோமளை என்று ஒரே மகள். அந்தச் சபையில் கூத்தப்பன் என்ற விகடகவியும் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். அவைப்புலவர் அம்பலவாணர் வாயைத் திறந்தால் ராஜாவுக்குக் கொட்டாவி வரும். கூத்தப்பனைக் கண்டாலே புலவருக்கு வயிறு எரிந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

கோமளை தாயிடம் மலைமொழியிலும் தந்தையிடம் நாட்டுமொழியிலும் பேசி வளர்ந்தாள். சில நேரம் இரண்டையும் கலந்தடிப்பாள். ஒருநாள் விருந்தினர் முன்னால் அப்படிப் பேசிவிட்டாள். புலவர் உடனே ராஜாவின் காதைக் கடித்தார். ஒரு வாயில் இரண்டு மொழி தங்காது, மலைமொழியை மறந்தால்தான் நாட்டுமொழி ஒட்டும் என்றார். ராஜாவும் அதை நம்பித் தொலைத்தார். இனி யாரும் கோமளையிடம் மலைமொழி பேசக்கூடாது, ராணியும் பேசக்கூடாது என்று கட்டளை பிறந்தது. ராணியோடு வந்த தோழிகளையும் மலைநாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ராணிக்கு நாட்டுமொழி அரைகுறை. மகளைக் கொஞ்சவோ திட்டவோ அது போதவில்லை. கோமளை மலைமொழியில் ஏதாவது கேட்டால், ராணி அவள் வாயை மெல்லப் பொத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாளடைவில் குழந்தை எந்த மொழியிலும் பேசுவதை நிறுத்திவிட்டது. ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்தது. வைத்தியர்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள், மந்திரவாதிகள் வேப்பிலை அடித்தார்கள். ஒன்றுக்கும் அசையவில்லை. அரண்மனை இழவு வீடு போலக் கிடந்தது. கூத்தப்பனின் எந்த விகடத்துக்கும் ராஜா சிரிக்கவில்லை.

புலவர் விடுவாரா? ஊரையே சிரிக்க வைக்கிறவன் ஒரு குழந்தையைப் பேசவைக்க மாட்டானா என்று கொளுத்திப் போட்டார். ராஜாவுக்கும் அது சரியென்று பட்டுவிட்டது.

"மக்கள் முறையிட வரும் அடுத்த முறைநாளில் கோமளை என் காது கேட்கப் பேசவேண்டும். தவறினால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது" என்றார்.

கூத்தப்பன் குழந்தையின் முன்னால் குட்டிக்கரணம் போட்டான், குரங்கு போல உடம்பைச் சொறிந்து காட்டினான். அவள் உதடு ஒருமுறை அசைந்தது. ஆனால் சட்டென்று தாயின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நோய் நாக்கில் இல்லை என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. தனக்குப் பிள்ளை இல்லையே என்று அதுவரை வருந்தியவன், அன்று அந்தத் தாயைப் பார்த்து அழுதான்.

அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முறைநாளன்று சபை நடுவில் உள்ள முறைக்கல்லில் ஏறி நிற்பவரின் வாயை எந்தக் கட்டளையும் கட்டாது. அவர் தன் மொழியிலேயே முறையிடலாம். அந்த மொழி தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவரிடம் கேட்டு ராஜாவுக்குச் சொல்லவேண்டும். முழுவதும் கேட்காமல் ராஜா எழுந்திருக்கக் கூடாது.

முறைநாள் வந்தது. கூத்தப்பன் கோமளையைத் தூக்கி அந்தக் கல்லின் மேல் நிறுத்தினான். மொழிபெயர்க்க ராணியை அழைத்தான். அந்த அரண்மனையில் மலைமொழி தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? புலவர் துள்ளி எழுந்து, இது கட்டளையை மீறுவது என்றார். ராஜா அந்தக் கல்லைப் பார்த்தார், பிறகு புலவரை உட்காரச் சொன்னார்.

ராணி மண்டியிட்டு, நெடுங்காலத்துக்குப் பிறகு மகளிடம் மலைமொழியில் என்ன குறை என்று கேட்டாள். கோமளை தாயின் கையைப் பார்த்தாள். அது வாயைப் பொத்த வரவில்லை. தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னாள். ராணியின் முகம் வெளுத்துவிட்டது. ராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"மகள் கேட்கிறாள்... அம்மாவுக்கு அவள்மேல் என்ன..." என்று தொடங்கியவளுக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை.

"கோபம்" என்று எடுத்துக் கொடுத்தாள் கோமளை. பிறகு ராஜாவைப் பார்த்து நாட்டுமொழியிலேயே சொன்னாள். "அம்மாவுக்கு என்மேல என்ன கோபம் அப்பா? நான் பேசினா வாயை மூடறா. எந்தப் பேச்சு தப்புன்னு எனக்குத் தெரியல. அதான் எதுவும் பேசல."

புலவர் தரையைப் பார்த்தார்.

"உங்கள் காது கேட்கப் பேசவேண்டும் என்றீர்கள், மகாராஜா. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. அதனால் இளவரசி இரண்டிலும் பேசிவிட்டார்கள்" என்றான் கூத்தப்பன்.

ராஜா சிரித்தார். கண்ணில் நீர் வழிய, என் கட்டளையை என் கல்லைக் கொண்டே உடைத்துவிட்டாயே என்று சொல்லிச் சிரித்தார். கட்டளையை அங்கேயே ரத்து செய்தார். தோழிகளை அழைத்துவரும் வேலையைப் புலவர் தலையில் கட்டினார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார்.

மாலையில் நந்தவனத்தில் ராணி மகளை மடியில் வைத்துக்கொண்டு மலைமொழியில் ஒரு கதை சொன்னாள். அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுகிறவள் போல நிறுத்தாமல் சொன்னாள். அவள் சிரித்தபோது கோமளையும் சிரித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற கூத்தப்பனின் வேட்டியைப் பிடித்து இழுத்து, நாட்டுமொழியில் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா என்ன சொல்றா?"

அவனுக்கு மலைமொழி தெரியாது. ராணி அதைக் கேட்டுவிட்டாள். கல்லின் மேல் தடுமாறிச் சொன்ன சில சொற்களைத் தவிர மகளுக்கு மலைமொழி மறந்துபோயிருந்தது. கதையை நிறுத்தினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளின் மூக்கைத் தொட்டு, மலைமொழியில் மூக்குக்கு என்ன பெயரோ அதைச் சொன்னாள்.