எருமை முக்கில் தெரு வளைந்தது ஏன்

தெருவை நேராகப் போட்டார்கள். தப்பு அங்கேதான்.

வாகைநகரியின் பெரிய தெருவைச் சொல்கிறேன். மேட்டில் அம்மன் கோயில். பள்ளத்தில் ஆறு. இரண்டுக்கும் நடுவில் இந்தத் தெரு. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் பாதியில் ஒரு பெரிய வளைவு இருக்கும், எருமைக் கொம்பு மாதிரி. தெரு போட்ட புதிதில் அது கிடையாது.

மாடும் மனிதனும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்க்கூட்டத்தில் யானைக்கும் இடம் உண்டு. காக்கை எல்லாக் கூட்டத்துக்கும் வரும். அதைக் கூப்பிட வேண்டியதில்லை.

தெரு வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது மாட்டுத் தடம்தான். மேட்டிலிருந்து இறங்கும். பாதியில் ஒரு குட்டை வரும். தடம் குட்டையைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக ஆற்றுக்குப் போகும். குட்டையில் எருமைகள் கழுத்தளவு கிடக்கும். யாருக்கும் அவசரம் இல்லை.

பிறகு ஊர் பெருத்தது. சந்தை வந்தது, தறி வந்தது. அம்மனுக்குத் தேர் செய்தார்கள். தேர் ஓடத் தெரு வேண்டுமே. ஊர்த்தலைவர் சேதுராயர் கோயில் வாசலில் நின்று கையை நீட்டினார்.

“இங்கே நின்றால் ஆறு தெரியணும். தெரு என்றால் அதுதான் தெரு.”

கயிறு பிடித்தார்கள். கயிறு குட்டைக்கு மேலே போயிற்று. குட்டையை மண் கொட்டி மூடினார்கள். பழைய தடம் வளைந்து போன இடம் தெருவுக்கு இடது பக்கத்தில் சும்மா கிடந்தது. அங்கே சேதுராயர் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். பெரிய வீடு. முன்னால் முற்றம், பின்னால் அடுக்களை.

தெரு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு பக்கமும் கடைகள். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அந்தத் தெரு வழியாகத்தான் வரவேண்டும். செத்தவனும் அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். வெளியூர்க்காரன் வந்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். சேதுராயர் தினம் காலையில் கோயில் வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தார். ஆறு தெரிந்தது.

தேர்நாள் வந்தது. தேரும் ஆற்றைப் பார்த்தது.

கோயிலிலிருந்து குட்டை இருந்த இடம் வரை லேசான சரிவு. அதற்குக் கீழே நல்ல சரிவு. தேர் அங்கே வந்ததும் வடம் பிடித்தவர்கள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஓட வேண்டியிருந்தது. தேர் தானாகவே போய் ஆற்றில் இறங்கிச் சேற்றில் குத்தி நின்றது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் சங்கிலி. அப்பன் விட்டுப்போன வேலை. சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவான், திருப்புவான். அவன் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துப் பார்த்தான். தேர் கட்டையை அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போயிற்று.

மறு வருஷம் யானை, “பின்னால் நான் பிடிக்கிறேன்” என்றது. பிடித்தது. தேர் யானையையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று. யானை கரையேறி வந்து, “குளிக்கணும்னு நினைச்சேன். குளிச்சாச்சு” என்றது.

அதற்கடுத்த வருஷம் தெரு முழுக்க மணல் பரப்பினார்கள். தேர் மணலையும் வாரிக்கொண்டு ஓடி ஆற்றங்கரை மண்டபத்தில் மோதியது. தூண் விழுந்தது. சங்கிலியின் தம்பிக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த தேருக்கு முந்தின நாள் ஊர் கூடியது.

“தெருவில் ஒரு குறையும் இல்லை,” என்றார் சேதுராயர். “கட்டையில்தான் குறை.”

“தெருதான் சரியுது,” என்றது காக்கை.

“உன்னை யாராவது கேட்டாங்களா?”

காக்கை பக்கத்துக் கூரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்தும் அதையே சொன்னது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சேதுராயர் தீர்ப்புச் சொன்னார். இந்த வருஷமும் தேர் ஓடினால் சங்கிலி பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். அவன் கை ஆகாத கை. அம்மனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

சங்கிலி எழுந்தான். வீட்டுக்கு வந்தான். அவன் பெண்டாட்டி அரியநாச்சி அதற்குள் சட்டிபானையை ஒரு பழைய சேலையில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்பவேயா கட்டுற?” என்றான்.

“ஓடப்போறது தேரு. நிக்கப்போறது நீயா? கட்டி வச்சா நல்லது.”

சங்கிலி மூட்டையைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

தெருவின் நடுவில், குட்டையை மூடிய இடத்தில், மூளி படுத்திருந்தது. ஒரு கொம்பு முறிந்த எருமை. குட்டை போனதும் மற்ற எருமைகள் ஆற்றுக்குப் போய்விட்டன. மூளி போகவில்லை. மத்தியானம் ஆனால் வந்து அதே இடத்தில், மண்ணுக்கு மேலே படுத்துக்கொள்ளும். தெருவே கொஞ்சம் அமுங்கியிருக்கும் அந்த இடத்தில். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே அதைச் சுற்றிப் போவார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்து எருமைக்கு மேளம் என்றால் மரியாதை. மேளச் சத்தம் கேட்டால் எழுந்து வழிவிட்டுவிடும்.

“நாளைக்கு ஒரு நாள் வேற இடத்துல படு தாயி,” என்றான் சங்கிலி.

“எதுக்கு?”

“தேர்.”

“தேர் வந்தா மேளம் வரும். மேளம் வந்தா எந்திரிப்பேன். போன வருஷம் எந்திரிக்கலியா?”

“எந்திரிச்ச. இப்ப நெறை சினையா இருக்கியே. பொசுக்குனு எந்திரிக்க முடியுமா?”

“சுமக்கிறது நான். உனக்கு என்ன கனக்குது?”

“எனக்கு ஊரே போகப்போகுது, மூளி.”

தீர்ப்பைச் சொன்னான். மூளி அசைபோடுவதை நிறுத்தியது.

“எங்க போவ?”

“தெரியல.”

“எனக்கும் தெரியலதான். குட்டையை மூடினப்ப எங்க போறதுன்னு தெரியாமத்தான் இங்கயே படுத்தேன்.” வாலால் ஈயை ஒரு தட்டுத் தட்டியது. “சரி. மேளம் கேட்டதும் எந்திரிச்சிருவேன். எருமை வாக்கு.”

எருமை வாக்கு என்றால் அப்போது பெரிய வாக்கு. மாறினதே கிடையாது. சங்கிலி கொஞ்சம் தைரியத்தோடு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தேர் கிளம்பியது. நல்ல வெயில். மேளமும் நாகசுரமும் முன்னால் போக, வடம் பிடித்தவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு வர, இடது சக்கரத்தில் சங்கிலி, வலது சக்கரத்தில் இன்னொரு ஆள். மேல் சரிவில் தேர் சாதுவாக இறங்கியது. பழைய குட்டை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் வடக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

நடுத்தெருவில் மூளி. எழுந்திருக்கவில்லை.

சங்கிலியும் அந்த ஆளும் ஒரே நேரத்தில் கட்டையைக் கொடுத்தார்கள். தேர் முனகிக்கொண்டு நின்றது. மேளக்காரர்கள் மூளியின் காதுக்குப் பக்கத்தில் போய் அடித்தார்கள். மூளி தலையை மட்டும் தூக்கியது. திரும்பக் கீழே போட்டது.

“வாலைப் பிடிச்சு இழுங்கடா,” என்றார் சேதுராயர். இழுத்தார்கள். மலையை இழுத்த மாதிரி இருந்தது. யானையைக் கூப்பிட்டார்.

யானை கிட்டே வந்து முகர்ந்து பார்த்தது. பின்வாங்கியது. “பெத்துக்கிட்டு இருக்குது ஐயா. நான் தொட மாட்டேன்.”

சங்கிலி மூளியின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தான். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தச் சொன்னான். நின்றது. நின்ற பிறகுதான் சக்கரத்துக்கு அடியில் கட்டை விரிசல் விடுகிற சத்தம் கேட்டது.

“வாக்குத் தப்பிருச்சு சங்கிலி,” என்றது மூளி. “வலி வந்திருச்சு. காலு ஊன முடியல.”

“கட்டை தாங்காது, மூளி.”

“நான் நகர முடியாது. தேருக்கு என்ன கேடு? வளைஞ்சு போகச் சொல்லு. வண்டியெல்லாம் என்னைச் சுத்தித்தானே போகுது.”

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் இத்தனை பேருக்கும் அது தோன்றவில்லை. தேரை நிறுத்துவது எப்படி என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேதுராயருக்கு முகம் சிவந்தது. “எருமைக்காக அம்மன் தேர் வளையணுமா?”

அரியநாச்சி கூட்டத்தில் நின்றிருந்தாள். மூட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். “பிள்ளை பெறுறவளுக்கு அம்மனே வளைவா,” என்றாள். “நீங்க என்ன.”

சேதுராயர் அவளை நோக்கித் திரும்பினார். அதற்குள் வலது பக்கத்துக் கட்டை பிளந்தது.

இனி யோசிக்க நேரம் இல்லை. “விலகிக்க,” என்று அந்த ஆளைத் தள்ளிவிட்டான் சங்கிலி. பிளந்த கட்டையைக் காலால் எத்தி எறிந்தான். தன் பக்கத்துக் கட்டையைச் சாய்வாகத் திருப்பிச் சக்கரத்துக்குக் கீழே செருகினான். “வடத்தை இடது பக்கம் இழுங்க.”

மேளம் இல்லாததால் வடக்காரர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

ஒரு சக்கரம் நின்றது. ஒரு சக்கரம் உருண்டது. தேர் முகத்தைத் திருப்பியது. மூளியின் வாலுக்கு ஒரு முழம் தள்ளிச் சக்கரம் போயிற்று. எதிரே சேதுராயர் வீட்டுச் சுவர். தேர் சுவரைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது.

உள்ளே சரிவு இல்லை. தரை சமம். பழைய மாட்டுத் தடம் போன தரை அல்லவா. தேர் நாலடி உருண்டது, தயங்கியது, நின்றது. கட்டை கூடத் தேவைப்படவில்லை.

முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். தேர் அதன்மேல் ஏறித்தான் நின்றது. சங்கிலி தும்மினான். வடக்காரர்கள் தும்மினார்கள். சேதுராயர் தும்மினார். யானை தும்மியதில் இரண்டு பேருடைய தலைப்பாகை பறந்தது. ஊரே தும்மிக்கொண்டிருந்தபோது வெளியே தெருவில் மூளிக்குக் கன்று பிறந்தது.

அரியநாச்சி மூட்டையைப் பிரித்தாள். சட்டிபானையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு அந்தச் சேலையால் கன்றைத் துடைத்தாள்.

தேர் நின்றது சரி. வீட்டுக்குள்ளேயே நிற்க முடியுமா? சேதுராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேரைச் சுற்றி வந்தார்.

“பின்னால இழுத்துத் தெருவுக்குக் கொண்டு போகலாமா?”

“மேடு, ஐயா. முடியாது,” என்றான் சங்கிலி.

“முன்னால போனா?”

“உங்க அடுக்களை.”

“அடுக்களைக்கு அந்தப் பக்கம்?”

“பழைய தடந்தான்,” என்றது காக்கை, கூரையிலிருந்து. “சுத்திப் போய்த் தெருவுலதான் விடும். நீங்கதான் மேல வீட்டைக் கட்டிட்டீங்க.”

இந்தத் தடவை காக்கையை யாரும் அதட்டவில்லை.

சேதுராயர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு அடுக்களைக்குள் போனார். அம்மிக்கல்லைத் தாமே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கனம் தாங்காமல் முகம் கோணியது. யாரையும் பிடிக்க விடவில்லை. மரத்தடியில் கொண்டுபோய் இறக்கினார்.

“இடிங்க,” என்றார்.

இடித்தார்கள். தேர் அந்த வழியாகப் போய், வளைந்து, கீழே மறுபடியும் தெருவில் ஏறியது. மூளிக்கும் கன்றுக்கும் வெகு தூரம் தள்ளிப் போன பிறகுதான் மேளம் அடித்தார்கள். வளைந்து இறங்கிய தேருக்கு வேகம் வரவில்லை. வடம் பிடித்தவர்கள் வெகு நாளைக்குப் பிறகு தேரை உண்மையாகவே இழுத்தார்கள். ஆற்றங்கரை மண்டபத்தில் சங்கிலி ஒரு கட்டை கொடுத்தான். தேர் பசு மாதிரி நின்றது. அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தம்பி ஊன்றுகோலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டார்கள்.

சங்கிலி ஊரைவிட்டுப் போகவில்லை. அவன் வாரிசுகள்தான் இன்றைக்கும் கட்டை போடுகிறார்கள். சேதுராயர் வேறு இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். தேர் வளைந்து போன வழியே தெருவாகிவிட்டது, நேராக இருந்த துண்டில் கடைகள் எழுந்துவிட்டன. கோயில் வாசலில் நின்றால் இப்போது ஆறு தெரியாது. ஆற்றைப் பார்க்க அவர் தினம் நடந்து போனார். உடம்புக்கும் நல்லதுதான்.

மூளிக்குத்தான் மனசு ஆறவில்லை. கொடுத்த வாக்குத் தவறிவிட்டதே. “நல்லதுக்குத்தானே தவறிச்சு,” என்று சங்கிலி சொல்லிப் பார்த்தான்.

“இருக்கட்டும். பேசினாத்தானே வாக்குக் கொடுக்கணும்,” என்றது மூளி. அதுதான் எருமை பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் ஒரு எருமையும் பேசவில்லை, எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கவும் இல்லை.

அன்றைக்கு வளைந்த தெரு இன்னும் நிமிரவில்லை. தேர் வளைவுக்கு வந்தால் மேளம் நின்றுவிடும், வளைவு தாண்டித்தான் அடிப்பார்கள். ஊர்வலம், கொடிபிடித்துக் கோஷம் போடுகிற கூட்டம், எதுவானாலும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். அங்கே இருக்கிற பேங்கில் ‘பெரிய தெரு வளைவு’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை யார் சொல்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர், “எருமை முக்கு எறங்கு” என்றுதான் கத்துகிறார். வளைவின் நடுவில் இன்றைக்கும் ஓர் எருமை படுத்திருக்கும். டிரைவர் ஹாரன் அடிப்பதில்லை. சுற்றிக்கொண்டு போகிறார்.

கட்டை போட்டது சங்கிலி. வீட்டை இடித்தது சேதுராயர். தெருவைச் சரியாக்கியது யார் என்று கேட்டால் வாகைநகரியில் எந்தப் பிள்ளையும் சொல்லும்: மூளி.