சிங்காரி உட்காரவில்லை

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டையை ஆண்ட ராஜா ஒருத்தர் யானை மேலே உட்கார்ந்திருந்தார். இறங்க முடியவில்லை. கதை இங்கேதான் ஆரம்பம்.

ஏணி வைக்கலாமே என்பீர்கள். வைத்தார்கள். சிங்காரி அதைத் துதிக்கையால் வாங்கிப் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போட்டாள்.

யானை உட்கார்ந்தால்தான் ராஜாவால் இறங்க முடியும். பாகன் சொன்னால்தான் யானை உட்காரும். பாகன் துதிக்கை வழியாகச் சறுக்கி இறங்கிக் கீழேதான் நின்றான், வாயை மூடிக்கொண்டு. பெயர் மவுங் லா. அவன் அப்பா கடலுக்கு அந்தப்பக்கம் பெகு தேசத்திலிருந்து சிங்காரியின் தாயோடு கப்பலில் வந்தவர். யானைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது அவர் பாஷைதான். வேறு எதைச் சொல்லிக் கொடுப்பார்?

லா வாயை மூடியதற்குக் காரணம் தளவாய் கனகராயர். ஊர்வலத்தில் ராஜாவுக்கு முன்னால் யானைக் கழுத்தில் லா உட்காருவான். தளவாய் பின்னால் புழுதியில் நடப்பார். அது அவருக்குப் பொறுக்கவில்லை. அரண்மனை வேலையில் வெளித்தேசத்துப் பாஷை பேசினால் குடும்பத்தோடு கப்பலேற்ற வேண்டும், அரசரே பேசச் சொன்னாலும் மன்னிப்பில்லை என்று ஒரு சட்டம் எழுதினார். ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார். காலையில் ராஜா யானையேறி ஊர்வலம் போய், அரண்மனை வாசலுக்குத் திரும்பியதும் முரசறைந்து சட்டத்தைச் சொன்னார்கள். லா கேட்டான். அவ்வளவுதான். வீட்டில் அவன் மனைவிக்கு நிறைமாதம். கப்பலில் பிள்ளை பெற முடியுமா?

குதிரை லாயத்தில் அரபு பேசும் ஹமீதும் வாயை மூடிவிட்டான். குதிரைகள் பாட்டுக்கு வெளியே வந்து ராணியின் பூந்தோட்டத்தை மேய்ந்தன.

தளவாய் முன்னால் வந்து, "அமர்க" என்றார். சிங்காரி அவரைப் பார்த்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னார். லத்தி போட்டாள்.

வெயில் ஏறியது. ராஜா காலையில் நாலு இளநீர் குடித்திருந்தார். இப்போது அது வேலையைக் காட்டியது.

"லா, நான் சொல்கிறேன். உன் பாஷையிலேயே சொல்லு."

"நீங்க சொன்னாலும் மன்னிப்பில்லைன்னு இப்பத்தான் முரசு கொட்டினாங்க, மகாராசா."

ராஜா அமைச்சர் சேந்தனாரைப் பார்த்தார். காலையில் போட்ட சட்டத்தை மத்தியானம் ரத்து செய்தால் ஊர் சிரிக்கும், வேறு வழி சொல்லும் என்றார்.

"சட்டம் அப்படியே இருக்கட்டும், அரசே. சிங்காரி பிறந்தது எங்கே?"

"நம் யானைக் கொட்டடியில். பெயர் வைத்ததே நான்தானே."

"லா?"

"அதே கொட்டடியில்தான்."

"இங்கே பிறந்த ரெண்டு பேர் இங்கேயே நின்று பேசிக்கொள்ளும் பாஷை எந்த ஊர்ப் பாஷை?"

ராஜாவுக்கு யோசிக்க நேரமில்லை. "இந்த ஊர்ப் பாஷை."

"மகாராஜா, அது பெகு..." என்றார் தளவாய்.

"நீர்தான் உட்காரச் சொன்னீரே, தளவாய். உட்கார்ந்தாளா?" என்றார் ராஜா.

அப்போதும் லா யானையிடம் எதுவும் சொல்லவில்லை. முரசு போட்டுத் தடுத்ததை முரசு போட்டுத்தான் விட வேண்டும் என்றான். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு முரசடிக்கச் சொன்னார். முரசுக்காரன் கோலைத் தூக்கினான்.

"மகாராசா, ஹமீது இங்க பிறக்கலையே" என்றான் லா.

"அவனையும் சேர்த்துக் கொட்டு. இந்த ஊரில் வேலை செய்கிறவன் வாயில் எது இருந்தாலும் இந்த ஊர்ப் பாஷைதான். சீக்கிரம் கொட்டு."

கொட்டினார்கள். லா ஒரே ஒரு வார்த்தை சொன்னான், காதில் சொல்வது போல. சிங்காரி உட்கார்ந்தாள். ராஜா ஓடினார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அமைச்சருக்குத் தன் கைக் கடகத்தைக் கழற்றிக் கொடுத்தார். லா வீட்டுக்கு மருத்துவச்சியை அனுப்பினார். தளவாயிடம், "இனி அது நம் ஊர்ப் பாஷை. தளவாய்க்குத் தெரியாவிட்டால் எனக்குக் கேவலம். தினம் காலையில் கொட்டடிக்குப் போய் லாவிடம் படியும்" என்றார். தளவாய் போனார். மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை வந்தது. அதையும் சிங்காரி கேட்கவில்லை.

ஆனாலும் ராஜா ராஜாதானே. மறுபடி மேலே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் விடவில்லை. லாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த திருவிழாவுக்குள் சிங்காரிக்குத் தமிழ் சொல்லிக் கொடு."

"ஆகட்டும், மகாராசா" என்றான் லா.

அதற்கப்புறம் பதினோரு திருவிழா வந்து போய்விட்டது. லாவின் மகளே இப்போது யானைக் கழுத்தில் ஏறி உட்காருகிறாள். அவள் அதே வார்த்தையைச் சொல்கிறாள், சிங்காரி உட்காருகிறாள், ராஜா இறங்குகிறார். தமிழ் மட்டும் லா இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.